ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

சீருடை போட்ட ஒருவர் குனிந்து, "உனக்குச் சிங்களம் தெரியுமா?" என்று கேட்டால், ஒரு பிள்ளை என்ன பதில் சொல்ல வேண்டும்?

எனக்கு இந்தக் கேள்வி பதினொரு வயதில் வந்தது. இப்போது எனக்கே நான்கரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் விடை தெரியவில்லை. தெரியும் என்று நானே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். தெரியாது என்று இன்னொருவர் சொன்னதைப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னோடு நின்றவர் ஒரே மனிதர்.

அவர் எனக்குச் சிங்களம் படிப்பித்த ஆசிரியர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கேட்ட இடத்தில் ஒரு முறை சொல்லிவிட்டேன். அது போதும். நாங்கள் கூப்பிட்டபடி சேர் என்றே எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு அவர் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தனி அறை எடுத்து இருந்தார். மெலிந்த கழுத்து. எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். மற்ற ஆசிரியர்கள் தோல் பை கொண்டு வந்தார்கள். இவர் கருநீலச் சதுரத் துணி ஒன்றில் சாப்பாட்டுப் பெட்டி, வரவு இடாப்பு, குடை எல்லாவற்றையும் வைத்துக் கட்டி, மேலே பிடி போல ஒரு முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்.

"டேய், டோபி சேர் வாறார்!" என்று முதல் நாளே பெயர் வைத்தவன் டெரன்ஸ். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். வகுப்பில் வாய் கூடியவன். சேருக்கு அது கேட்டுவிட்டது. வாசலில் நின்று மூட்டையை ஒரு தடவை உயர்த்திப் பார்த்தார்.

"ஓம் தம்பி, டோபிதான். உங்கட வாயளைத் தோய்க்க வந்தனான். எந்த வாய் கூட ஊத்தையோ அதில தொடங்குவம். நீர் எழும்பும்."

வகுப்பே சிரித்தது. டெரன்ஸும் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அவ்வளவு பலமாகச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் ஜப்பானில் ஒரு வருடம் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் எங்களுக்குச் சொன்னார். அங்கே அவருக்கு மொழி படிப்பித்த பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்கு ஜப்பான் மொழி தெரியாது. முதல் நாள் அந்தப் பெண் மேசையில் ஒரு சதுரத் துணியை விரித்து, நடுவில் ஒரு தோடம்பழத்தை வைத்து, மூலைகளை எடுத்துக் கட்டினாராம். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சொல். பிறகு துணியை அவிழ்த்து இவர் பக்கம் தள்ளிவிட்டாராம். அந்த நாட்டில் சாமான் எதையும் அப்படித் துணியில் கட்டித்தான் கொண்டு போவது வழக்கமாம்.

"குளிர் முடியிறதுக்கு முன்னம் நான் கதைச்சிட்டன்," என்றார் சேர். "கைக்கு விளங்கினது வாய்க்கு வரும். புத்தகத்தில இருந்து வந்த மொழி ஆமிக்காரனைக் கண்டா ஓடிப்போயிடும்."

அதனால் அவர் எங்களுக்குச் சிங்களப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வருடத்தின் முதல் தவணை முழுவதும் காகிதம் மடித்தோம். பழைய பத்திரிகையைச் சதுரமாக வெட்டி ஆளுக்கொன்று தருவார். பிறகு தமிழில் ஒரு சொல்லும் பேச மாட்டார். "நமன்ன" என்றால் மடிக்க வேண்டும். "ஹெரென்ன" என்றால் திரும்ப வேண்டும். காகிதத்தைத் திருப்பச் சொல்லும் சொல்லை முதலில் சொல்லி, அடுத்து எங்களையே எழும்பித் திரும்பச் சொல்லுவார். விரி, தூக்கு, வை, காட்டு. கடைசியில் கையில் ஒரு கோப்பை இருக்கும். எல்லோரையும் குழாயடிக்குக் கூட்டிப்போய் அந்தக் கோப்பையில் தண்ணீர் ஊற்றுவார். சொல்லைச் சரியாகக் கேட்டவர்கள் தண்ணீர் குடித்தார்கள். டெரன்ஸின் கோப்பை ஒழுகி அவனுடைய காற்சட்டை நனைந்தது.

"சேர், இவன் கப்பால இல்ல, வேற எதாலயோ ஒழுகுறான்," என்று பின் வரிசை வாங்கில் யாரோ சொன்னார்கள். சேர் அதையும் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவையும் வாசித்தால் நல்ல வாத்தியார் என்று நினைப்பீர்கள். நாங்கள் அவருக்குப் பயந்தோம். அடிக்கிறவர் அல்ல. ஆனால் நன்றாக மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பின்னால் வந்து நின்று, குரலை மாற்றி, மேசையில் பிரம்பால் அடித்து, அதே சொல்லைக் கத்துவார். "விரி! காட்டு! திரும்பு!" காகிதம் கிழியும். ஒரு நாள் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. சேர் அது அழுது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அதே குரலில் அதே சொல்லைத் திரும்பவும் கத்தினார். அந்தப் பிள்ளை விக்கிக்கொண்டே மடித்தது.

"பயந்துகொண்டும் செய்யப் பழகோணும்," என்றார், தமிழில்.

நான் அந்த நேரத்தில் அதைக் கொடுமை என்று நினைத்தேன். காகிதத்துக்கு அவர் சொன்ன சொற்கள் எல்லாம் வீதியில் எங்களுக்குச் சொல்லப்படும் சொற்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் தவணையில் துணிக்கு மாறினோம். வீட்டிலிருந்து பழைய சேலைத் துண்டு ஒன்று கொண்டு வர வேண்டும். என்னுடையது அம்மாவின் ஊதாச் சேலையில் கிழித்தது, வெள்ளைப் பொட்டுப் போட்டது. எதையும் அதில் வைத்துக் கட்டப் பழக்கினார். அந்த முடிச்சுத்தான் விசேஷம். பார்த்தால் இறுக்கமாக இருக்கும். என்ன பாரம் தூக்கினாலும் அவிழாது. ஆனால் ஒரு முனையை எதிர்ப்பக்கம் ஒரே இழுப்பு இழுத்தால் நேராகி வழுக்கிக் கழன்றுவிடும். யாருக்காவது இரண்டாவது இழுப்புத் தேவைப்பட்டால் சேர் அந்த மூட்டையைத் தூக்கி அவர்கள் கையிலேயே திருப்பித் தருவார்.

"ஒரே இழுப்பில அவிழோணும். அவிழப் பிந்தினா கேக்கிறவனுக்குக் கோபம் வரும்."

வெள்ளிக்கிழமைகளில் பொதி விளையாட்டு. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சாமானைக் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் சிங்களத்தில் கேட்பார்கள். இது யாருடையது? உள்ளே என்ன இருக்கிறது? கட்டியது யார்? மூன்றே கேள்விகள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் சேர் காது கேட்காதவர் போல நிற்பார். முழு வசனம் வேண்டும். இது என்னுடையது. உள்ளே என் தங்கையின் சப்பாத்து இருக்கிறது. இதைக் கட்டியவள் நான். சொல்லிவிட்டு "லிஹன்ன" என்று கேட்டதும் ஒரே இழுப்பில் அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

நாங்கள் சொல்லும்போது சேரின் உதடுகளும் அசையும். சத்தம் வராது. பிள்ளை எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லில் அவருடைய வாயும் இருக்கும். தடக்கினால் அவரும் தடக்கி நிற்பார். வசனம் முடிந்தால்தான் வாயை மூடுவார். டெரன்ஸ் அதை இடைவேளையில் நடித்துக் காட்டுவான். "பாருங்கடா, முகத்துவாரத்தில கரையில போட்ட மீன்!" நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை டெரன்ஸ், உள்ளே இரண்டு புத்தகம் இருக்கிறது என்று சிங்களத்தில் அழகாகச் சொன்னான். அவிழ்த்தால் மாங்காய் அச்சாறு. வகுப்பு கைதட்டியது. சேரின் முகம் வெளிறிப்போனதை நான் முன்வாங்கிலிருந்து பார்த்தேன். அச்சாற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தன் மேசையில் வைத்தார்.

"சொன்னது ஒண்டு, உள்ளுக்கு ஒண்டு. இஞ்சை பகிடி. வெளியில இப்பிடி இருந்தா என்ன நடக்கும் தெரியுமோ உமக்கு?"

"சும்மா விளையாட்டுக்குத்தான் சேர்..."

"விளையாட்டு இல்லை. உள்ளுக்கு இருக்கிறதைத்தான் சொல்லோணும். கேட்டதுக்கு மட்டும் சொல்லோணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அன்று முழுவதும் டெரன்ஸை அவர் வெளியே நிறுத்தினார். அச்சாற்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் எனக்கு வேறு பாடம். அம்மா தலை பின்னும்போது தினமும் சொல்லுவார்: "ஆமிக்காரன் சிங்களம் தெரியுமா எண்டு கேட்டா தெரியாது எண்டு சொல்லு மகள். தெரியும் எண்டா ஒண்டுக்குப் பத்தாக் கேப்பான். தெரியாதவளோட அவனுக்கு என்ன கதை?" அப்பா துறைமுகத்தில் கிளார்க். அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், "பிள்ளையப் பயப்படுத்தாத," என்பார். ஆனால் அம்மா சொல்வது பிழை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வாரம் நகரில் ஓர் இடத்தில் குண்டு வெடித்திருந்தது. வியாழக்கிழமை சேர் வழக்கம்போல அடுத்த நாள் விளையாட்டுக்கு என்ன கொண்டு வர வேண்டும் என்று சொன்னார்.

"சத்தம் போடுற சாமான் ஒண்டு. கட்டின பிறகும் சத்தத்தை வைச்சு மற்றாக்கள் கண்டுபிடிக்கோணும்."

அவர் நினைத்தது சலங்கை, பூட்டுத் திறப்புக் கோர்வை, கல்லுப் போட்ட தகரம். கொண்டு வந்தவர்களும் அவற்றைத்தான் கொண்டு வந்தார்கள். எனக்கு எப்போதும் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடச் செய்துகாட்ட வேண்டும். அப்பாவின் அலாரம் மணிக்கூட்டை எடுத்து ஊதாத் துணியில் கட்டினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. மாலை கொண்டு வந்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பாடசாலை வாசலில் பைகளைச் சோதித்தார்கள். என் முறை வந்தபோது இரண்டு கையாலும் புத்தகப் பையைத் திறந்து காட்டுவதற்காக, மூட்டையை மதில் மேல் வைத்தேன். சோதித்த பொலிஸ் அக்கா பையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மணி அடித்தது. ஓடினேன்.

மூட்டை மதிலிலேயே இருந்தது.

முதற்பாடத்தின் நடுவில் எங்களை எல்லாம் வரிசையாகப் பின் மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். பொதி ஒன்று கிடக்கிறதாம், உள்ளே டிக் டிக் என்கிறதாம் என்று வரிசையில் கதை வந்தது. அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். சேர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தினார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியாது.

"பிள்ளை, உம்மட பொதி எங்கை?"

"வாசல்ல சேர்."

"உள்ளுக்கு என்ன?"

"மணிக்கூடு."

அவர் திட்டவில்லை. மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் போய்..." என்றார்.

அந்த நேரம் வாசல் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. குண்டு என்று நினைத்து என் மணிக்கூட்டு மூட்டையைப் படையினரே வெடிக்க வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குழறினார்கள். சேர் குழறிய பிள்ளைகளைப் பிடிக்கப் போனார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட, முடியாத வசனம் அது ஒன்றுதான். நான் போய்ச் சொல்லுகிறேன் என்று வந்ததா, நான் போய்ப் பார்க்கிறேன் என்று வந்ததா, நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அதற்குப் பிறகு இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

எங்களை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாடசாலை அதிபரும் ஓர் இராணுவ அதிகாரியும் இரண்டு படைவீரர்களும் வகுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரியின் கையில் ஓரம் கருகிய ஊதாத் துணித் துண்டு இருந்தது. முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. எங்கள் மேசைகளில் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டைகள். எல்லாவற்றிலும் அதே முடிச்சு. அவர் தேடுவதை நிறுத்திவிட்டார்.

"இங்கே யாருக்குச் சிங்களம் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. எல்லா வீட்டிலும் ஓர் அம்மா தலை பின்னியிருப்பார் என்று இப்போது விளங்குகிறது. டெரன்ஸ்கூட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேர் கரும்பலகை அருகே நின்றார். பலகை நிறையச் சிங்கள எழுத்து. அதிகாரி பலகையைப் பார்த்தார், சேரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் இந்த ஆள் இவ்வளவு நாளும் இங்கே என்ன படிப்பித்தார்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. சேரை இவர் பொய்யர் என்று நினைக்கிறார், நாங்கள் வாய் திறக்காமல் இருந்து அவரைப் பொய்யராக்குகிறோம் என்று நினைத்தேன். காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் எழும்பினேன்.

"எனக்குச் சிங்களம் தெரியும்," என்றேன், சிங்களத்தில்.

அவர் என் மேசைக்கு அருகே வந்து குனிந்தார். "துவ" என்று கூப்பிட்டார். மகள் என்று அர்த்தம். குரல் மென்மையாக இருந்தது. சேர் பிரம்பால் அடித்துப் பழக்கிய குரல் அல்ல. அதற்கு நாங்கள் பழகவில்லை.

இது யாருடையது என்று கேட்டார். இது என்னுடையது என்றேன். உள்ளே என்ன இருந்தது? உள்ளே என் அப்பாவின் மணிக்கூடு இருந்தது. கட்டியது யார்? இதைக் கட்டியவள் நான், இப்படிக் கட்டப் பழக்கியவர் எங்கள் சேர். ஒரு சொல்லும் தடக்கவில்லை. கண்ணை உயர்த்தியபோது, அதிகாரியின் தோளுக்கு மேலால் சேரின் உதடுகள் தெரிந்தன. என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

அடுத்த கேள்வி எங்கள் பாடத்தில் இல்லாதது. கொண்டு வரச் சொன்னது யார்?

"சத்தம் போடும் சாமான் ஒன்று கொண்டு வரச் சொன்னவர் எங்கள் சேர்."

மணிக்கூடு என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அதை அந்த அதிகாரி கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் சொல்ல வேண்டும், கூட வேண்டாம் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். சேரின் பெயர் கேட்டார். முதலெழுத்தோடு முழுப் பெயரும் சொன்னேன். "நன்றாகக் கதைக்கிறாய்," என்று அதிகாரி என் தலையைத் தடவினார்.

இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் கை தலையில் பட்டபோது, ஒரு நிமிடம்கூட இருக்காது, எனக்குப் பெருமையாக இருந்தது.

சேரின் கருநீல மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரே இழுப்பு. சாப்பாட்டுப் பெட்டி, இடாப்பு, குடை, இவற்றோடு ஜப்பானிலிருந்து கொண்டு வந்த காகித மடிப்புப் புத்தகம் ஒன்று. பக்கம் முழுவதும் அம்புக்குறி, புள்ளிக் கோடு, எண்கள், யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வாக்குமூலம் எடுத்துவிட்டு விடுவதாக அதிபருக்குச் சொன்னார்கள். சேர் எங்களைத் தாண்டிப் போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

மணிக்கூட்டு விஷயம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. அப்பா பொலிசுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். ஆனால் வெள்ளவத்தை அறையைத் தேடியபோது அம்புக்குறி போட்ட தாள்கள் இன்னும் ஒரு கட்டு இருந்ததாகவும், அதற்கு விளக்கம் சொல்லி முடியவில்லை என்றும் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மாதங்கள் போயின. சேர் வரவில்லை. புதிய ஆசிரியை வந்து சிங்களப் புத்தகத்தின் முதற்பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

அம்மா, "நான் சொன்னன்தானே," என்று ஒரு தடவைதான் சொன்னார். அப்பா புது மணிக்கூடு வாங்கி எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். டெரன்ஸ் மட்டும் இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றான்.

"டோபி சேரை நீதான்டி தோய்ச்சுக் காயப்போட்டாய்."

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. அவனுடைய கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் மீன் போல வாயை அசைத்துக் காட்டவே இல்லை.

எட்டு வருடம் கழித்து ஒரு முறை அவரைப் பார்த்தேன். நான் கணக்கியல் வகுப்புக்கு வெள்ளவத்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர் இன்னும் மெலிந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. மணிக்கட்டுப் பொத்தான் பூட்டியிருந்ததைக் கண்டதும் யார் என்று தெரிந்துவிட்டது.

கையில் துணி மூட்டை இல்லை. கடையில் கொடுக்கும் சிலிசிலி பேக் ஒன்று, உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரியும் வகை. அரை றாத்தல் பாண், ஒரு சவர்க்காரம், நெருப்புப்பெட்டி.

உள்ளே என்ன என்று படைவீரர் சிங்களத்தில் கேட்டார். இருபது வயது இருக்கும்.

"சிங்ஹல பே," என்றார் சேர். சிங்களம் தெரியாது என்று. அதைக்கூட, புதிதாக ஊருக்கு வந்தவர் போலக் கோணலாக உச்சரித்தார்.

படைவீரருக்குச் சினம் வந்தது. திரும்பவும் கேட்டார், இன்னும் சத்தமாக. சேர் அதையே சொன்னார். வரிசை நின்றது. மற்றப் படைவீரரும் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போய், நான் சொல்லுகிறேன், அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றேன்.

"உள்ளுக்கு என்ன எண்டு கேக்கினம்," என்று சேரிடம் தமிழில் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பையைப் பார்த்துச் சொன்னார். "உள்ளுக்குப் பாணும் சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் இருக்கு."

நான் அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் சொல்லில் பக்கவாட்டாகக் கண் போனது. சேரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்னோடு, சொல்லுக்குச் சொல், சிங்களத்தில். அவருக்கே அது தெரிந்திருக்காது. அந்தப் படைவீரர் கொஞ்சம் தலையைத் திருப்பினால் கண்டுவிடுவார். சிங்களம் தெரியாத மனிதரின் வாய் ஏன் இப்படி அசைகிறது என்று கேட்பார். நான் சொல்லிக்கொண்டே ஓர் அடி எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். என் முதுகு சேருக்கு. வசனத்தைப் பாதியில் விடவும் முடியவில்லை, கெதியாக முடிக்கவும் பயமாக இருந்தது. முடித்தேன். போகச் சொன்னார்கள்.

"பெரிய உபகாரம் தங்கச்சி," என்றார் சேர். பிள்ளை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்ப ஏறவில்லை. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் நடந்து போனார். என்னைத் தெரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் யார் என்றும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்ததாக என்ன சொல்வது என்று அன்று யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன்.

கலியாணம் முடித்து நானும் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். அந்த லொட்ஜ் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. சண்டை முடியவில்லை. மகளுக்குச் சிங்களம் நாங்கள் படிப்பிக்கவில்லை. கீழே காவலுக்கு இருக்கும் சிங்கள அய்யேயிடமும் பழக்காரரிடமும் தானே பிடித்துக்கொண்டாள். கணவர், "தெரிஞ்சதைத் தெரியும் எண்டு சொல்லட்டும், பயந்து பயந்து எத்தனை தலைமுறை?" என்கிறார். அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறார். என்ன சொல்லிப் பின்னுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு பேரையும் தடுக்கவில்லை.

போன வாரம் மகளோடு ஆட்டோவில் வரும்போது மறித்தார்கள். நான் பையை மடியில் வைத்துத் திறந்து காட்டினேன். படைவீரர் பார்த்துவிட்டு, மகளிடம் குனிந்து சிரித்தார்.

"துவ, சிங்ஹல தேரெனவத?"

மகள், சிங்களம் விளங்குமா என்று. சும்மா கேட்டிருப்பார். வீட்டில் அவருக்கும் பிள்ளை இருக்கலாம். மகள் உடனே பதில் சொல்கிறவள். அன்று சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை அல்ல, என் வாயைப் பார்த்தாள். அப்போதுதான் என் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. சத்தம் இல்லாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. தெரியும் என்றா, தெரியாது என்றா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அவர் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

ஆட்டோ கொஞ்சத் தூரம் போனதும் மகள் கேட்டாள்: "அம்மா, நான் என்ன சொல்லியிருக்கோணும்?"

தை மாதம் அவளைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம். பாடசாலை வான் வண்டி இரண்டு சோதனைச் சாவடியில் நிற்கும். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், பார்ப்பதற்கு என் வாயும் இருக்காது. அதற்கு முன் அவளுக்கு ஒரு பதிலைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதை வாசிக்கும் தாய்மாரிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்? அது சரியாக வந்ததா? பெயர் போட வேண்டாம், விலாசமும் வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும். தயவுசெய்து அதைப் பாதியில் விடாமல் எழுதுங்கள்.